துப்பாக்கி லைசென்ஸ் பிறந்த கதை

1930 ஜனவரியில் காந்தி பிரிட்டிஷ் அரசின் முன் 11 கோரிக்கைகளை வைத்தார். மதுவிலக்கு, நிலவரிக் குறைப்பு, ராணுவச் செலவைப் பாதியாக்குதல் என்று நீண்ட அந்தப் பட்டியலில் இருந்த உப்பு வரிதான் பிறகு தண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடந்து சரித்திரமானது. பட்டியலின் கடைசியில் இருந்ததை இன்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் கொடுங்கள், அதன் மீதான கட்டுப்பாடு மக்கள் கையில் இருக்கட்டும் என்பதே அந்தப் பதினொன்றாவது கோரிக்கை.

அகிம்சையைச் சொன்னவரா துப்பாக்கி கேட்டார்? அவர்தான். அதில் முரண் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. ஆயுதம் எடுக்க முடிந்தவன் அதை வேண்டாமென்று வைப்பதுதான் அகிம்சை, ஆயுதம் பிடுங்கப்பட்டவன் அடங்கிக் கிடப்பது வெறும் இயலாமை என்பது அவர் கணக்கு. ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டம் பிரிட்டிஷ் ஆட்சியின் தவறுகளிலேயே மிகக் கறுத்தது என்ற பொருளில் 1918-லேயே அவர் எழுதியிருந்தார். அந்த வார்த்தைகள் வந்த இடம்தான் வேடிக்கை. முதல் உலகப் போரில் ஆங்கிலேயருக்காகச் சண்டையிட குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஆள் சேர்க்க அவர் அச்சிட்ட துண்டுப் பிரசுரம் அது.

காந்தியை அவ்வளவு உறுத்திய அந்தச் சட்டத்தின் குழந்தைதான், இன்று நகைக்கடை அதிபரின் பெட்டியிலும் வங்கிக் காவலாளியின் பையிலும் இருக்கும் துப்பாக்கி லைசென்ஸ். அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் நம் பக்கத்துச் சீமையில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பாளையக்காரர் காலத்தில் ஆயுதமும் ஊர்க்காவலும் பிரிக்க முடியாதவை. திருட்டுப் போனால் கண்டுபிடித்துக் கொடுப்பது, முடியாவிட்டால் இழப்பை ஈடுகட்டுவது காவல்காரரின் பொறுப்பு. அதற்காக ஊர் அவருக்குக் காவல் வரி கொடுத்தது. ஆகவே வேல், வாள், வளரி, திரித்துப்பாக்கி எல்லாம் கிராமத்துக்குள்ளேயே புழங்கின. கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தனக்கு வேல் எறியவும் வளரி வீசவும் முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதே சின்ன மருதுவை எதிர்த்துப் போரிட்ட படையில் அவரும் இருந்தார். ஆசானைக் குற்றவாளியைப்போல வேட்டையாட நேர்ந்ததைப் பற்றிய வருத்தத்தையும் அவர் மறைக்கவில்லை.

1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். இவர், பிளாசிப் போர் புகழ் ராபர்ட் கிளைவின் மகன். தென்சீமையின் பாளையக்காரர்களும் சேர்வைக்காரர்களும் குடிமக்களும் துப்பாக்கி, ஈட்டி போன்றவற்றை ஒப்படைத்துவிட வேண்டும், அரசு அனுமதித்தவை தவிர வேறு ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, மீறினால் மரணம் என்றது பிரகடனம். கோட்டைகள் இடிக்கப்பட்டன. காவல் பொறுப்பும் பாளையக்காரர்களிடமிருந்து பறிபோனது. 'உன்னைக் காப்பது இனி என் வேலை, அதனால் உனக்கு ஆயுதம் தேவையில்லை' என்ற அரசின் வாதம் தமிழ் மண்ணில் கேட்டது அப்போதுதான். 'அரசு அனுமதித்தவை தவிர' என்ற அந்தச் சின்ன விதிவிலக்குதான் பிற்காலத்தில் லைசென்ஸாக வளர்ந்தது.

1857 கிளர்ச்சி இந்த யோசனையை வடக்கே கொண்டுபோனது. கிளர்ச்சி அடங்கியதும் அவத் சீமையில் வீடு வீடாக ஆயுதம் சேகரித்தார்கள். வாள், துப்பாக்கி, பீரங்கி என்று லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. 1857-லும் 1860-லும் ஆயுதச் சட்டங்கள் வந்தன. ஆனால் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தவில்லை. குடகு நாட்டின் கொடவர்கள் கிளர்ச்சியில் சேராமல் ஆங்கிலேயர் பக்கம் நின்றவர்கள். ஆகவே மைசூர், குடகின் தலைமை கமிஷனர் மார்க் கப்பன் 1861-ல் அவர்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தார். பிறந்த குழந்தைக்கு வானத்தை நோக்கி ஒரு வேட்டு, கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துப் பூஜை என்று அவர்கள் வாழ்க்கையோடு அது ஒட்டிக்கொண்டது. அந்த விலக்கு சுதந்திர இந்தியாவிலும் தொடர்கிறது. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எதிர்த்த பாளையத்தில் ஆயுதம் வைத்திருந்தவனுக்குத் தூக்கு. பணிந்த குடகில் காகிதமே வேண்டாம். துப்பாக்கி யார் கையில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஆபத்து என்ற கேள்வி எங்கேயும் எழவில்லை. யார் கையில் இருந்தால் ஆட்சிக்கு ஆபத்து என்பதே கேள்வி. லைசென்ஸ் என்பது விசுவாசத்துக்கான வெகுமதியாகவே கருவுற்றது.

அந்தக் கரு முழு உருவம் எடுத்தது 1878 மார்ச்சில். வைஸ்ராய் லிட்டன் பிரபு அந்த மாதத்தில் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தார். இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது ஒன்று. கையைக் கட்டியது மற்றது, அதாவது 1878-ன் 11-வது சட்டமான இந்திய ஆயுதச் சட்டம். இரண்டுக்கும் ஒரே குணம். பத்திரிகைச் சட்டம் ஆங்கிலப் பத்திரிகைகளைத் தொடவில்லை. ஆயுதச் சட்டத்தில் ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ-இந்தியர்களுக்கும் லைசென்ஸ் தேவையில்லை. இந்தியர்களில் ராஜாக்கள், பட்டம் பெற்றவர்கள், உயர்ந்த பதவிக்காரர்கள் போன்ற சிலருக்கு விலக்கு. மற்றவர்கள் துப்பாக்கியோடு நடமாட வேண்டுமானால் மாவட்ட அதிகாரியிடம் மனுப் போட வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். பின்னால் வந்த ரிப்பன் பிரபு 1882-ல் பத்திரிகைச் சட்டத்தை ரத்து செய்தார். நல்ல வைஸ்ராய் என்று பெயரெடுத்த அவரும் ஆயுதச் சட்டத்தில் கை வைக்கவில்லை.

கை வைக்கச் சொன்னவர்கள் சென்னையில் கூடினார்கள். 1887 டிசம்பரில் ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மக்கீஸ் தோட்டத்தில் காங்கிரசின் மூன்றாவது மாநாடு, பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் நடந்தது. காங்கிரஸ் சென்னையில் கூடியது அதுவே முதல் முறை. வங்காளத்திலிருந்து வந்திருந்த 29 வயது பிபின் சந்திர பால், ஆயுதச் சட்டத்தை நீக்க வேண்டும் என்று காரசாரமாகப் பேசினார். மாநாடு நிறைவேற்றிய தீர்மானம் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், அதன் வாசகம் கவனிக்கத் தக்கது. ஆயுதம் வைத்திருக்கும் அனுமதி எல்லோருக்கும் பொது. யாருக்காவது மறுத்தால், அதற்கான காரணத்தை அரசு எழுத்தில் பதிவு செய்து வெளியிட வேண்டும். கேட்பவன் தன்னை நிரூபிப்பதற்குப் பதில், மறுப்பவன் பதில் சொல்ல வேண்டும் என்று தலைகீழாகத் திருப்பிப்போட்ட தீர்மானம் அது.

அவர்களுடைய ஆத்திரத்துக்கு இரண்டு வேர்கள். ஒன்று நடைமுறைக் கஷ்டம். காட்டோரக் கிராமங்களில் பன்றியும் மானும் வெள்ளாமையை அழித்தன, புலியும் சிறுத்தையும் மாட்டை அடித்தன. விரட்டத் துப்பாக்கி இல்லை. இன்னொன்று அவமானம். ஒரே தெருவில் குடியிருக்கும் வெள்ளைக்கார குமாஸ்தாவுக்கு வேண்டாத காகிதம் இந்திய வக்கீலுக்கு வேண்டியிருந்தது. துப்பாக்கி மீது ஆசை இல்லாதவர்களுக்கும் அது சுட்டது. முதல் உலகப் போர் முடிந்த பிறகுதான், 1920-ஐ ஒட்டி வந்த புதிய விதிகளில் இந்த இனப் பாகுபாடு நீக்கப்பட்டது.

சட்டம் இவ்வளவு கெடுபிடியாக இருந்தும் துப்பாக்கி வரவேண்டிய இடத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது. 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் தயாரான பிரவுனிங் பிஸ்டல். பிரிட்டிஷ் சட்டம் செல்லாத பிரெஞ்சுப் புதுச்சேரி அன்று புரட்சிக்காரர்களுக்குப் புகலிடமாக இருந்தது. வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்ததும் அங்கேதான். மனுப் போட்டு வாங்குகிறவனை மட்டுமே லைசென்ஸ் தடுக்கும், மனுவே போடாதவனை அது என்ன செய்யும் என்ற பழைய கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

1931-ல் சர்தார் படேல் தலைமையில் கூடிய கராச்சி காங்கிரஸ், சுதந்திர இந்தியாவின் அடிப்படை உரிமைகள் எவை என்று பட்டியலிட்டது. பேச்சுரிமை, கூடும் உரிமை, மத சுதந்திரம் ஆகியவற்றோடு, விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் அதில் இடம்பெற்றது. அமெரிக்காவில் 1791-ல் இரண்டாவது திருத்தமாக அரசியல் சாசனத்தில் ஏறிய உரிமைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட தம்பி. சுதந்திரம் வந்ததும் அது சட்டமாகும் என்றுதான் அன்று யாரும் நினைத்திருப்பார்கள்.

ஆகவில்லை. 1948 டிசம்பர் தொடக்கத்தில் அரசியல் நிர்ணய சபை சுதந்திர உரிமைகளை விவாதித்தபோது, எச்.வி. காமத் கராச்சித் தீர்மானத்தை நினைவூட்டி, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்க்கத் திருத்தம் கொடுத்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. நாட்டுக்கு ஆபத்து வரும்போது ஆயுதம் ஏந்துவது குடிமகனின் கடமை, நாம் வலியுறுத்த வேண்டியது அதைத்தான் என்றார். உரிமையாக எழுதிவைத்தால் பிக்பாக்கெட்டும் மோசடிக்காரனும்கூட அதைக் கோரலாமே என்று கேட்டார். திருத்தம் தோற்றது.

அந்த நேரத்தை நினைத்துப் பார்த்தால் சபையின் மனநிலை புரியும். பிரிவினைக் கலவரங்களின் ரத்தம் காயவில்லை. அகதி முகாம்கள் காலியாகவில்லை. துப்பாக்கி லைசென்ஸ் கேட்ட காந்தியே அந்த ஜனவரி 30-ல் லைசென்ஸ் இல்லாத ஒரு பெரெட்டா பிஸ்டலுக்கு இரையாகிப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. 1887-ல் ஆயுதம் கேட்டவர்களின் கண்முன் நின்றது அன்னிய அரசு. 1948-ல் மறுத்தவர்களின் கண்முன் நின்றது பக்கத்துத் தெரு. ஆட்சியைப் பிடித்ததும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்லிவிடலாம், அது பாதி உண்மைதான். அஞ்ச வேண்டியது யாருக்கு என்பதே இடையில் மாறிவிட்டது.

சாசனத்தில் கடைசியில் ஏறியது நேர் எதிரான வாசகம். 19-வது பிரிவு கூடும் உரிமையைத் தருகிறது, 'அமைதியாக, ஆயுதமின்றி' என்ற நிபந்தனையோடு. ஆயுதங்கள் பற்றிய சட்டமியற்றும் அதிகாரம் மத்தியப் பட்டியலுக்குப் போனது. சாசனம் முழுவதிலும் உரிமையாகப் பெயர் சொல்லி ஏற்கப்பட்ட ஆயுதம் ஒன்றே ஒன்று. 25-வது பிரிவின் விளக்கத்தில் வரும், சீக்கியர்களின் கிர்பான்.

லிட்டனின் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தது. 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறி, 1962 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. இதைப் படித்துப் பார்ப்பவர்களுக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியோ, தற்காப்புக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட சாதாரணத் துப்பாக்கியோ கேட்டால் லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்கிறது 13-வது பிரிவு. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்கிறது 14-வது பிரிவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. மக்கீஸ் தோட்டத்துத் தீர்மானத்தின் சாயல் இந்த வரிகளில் தெரியத்தான் செய்கிறது.

ஆனால் அதே 14-வது பிரிவு, பொது அமைதி கெடும் என்று அதிகாரி கருதினால் மறுக்கலாம் என்றும் சொல்கிறது. நடைமுறையில் வென்றது இந்த வரி. தமிழ்நாட்டில் மாவட்டமானால் கலெக்டர், சென்னையானால் போலீஸ் கமிஷனர். விண்ணப்பம், போலீஸ் விசாரணை, உயிருக்கு என்ன ஆபத்து என்ற விளக்கம், பாதுகாப்பாக வைக்க இடம், கையாளப் பயிற்சிச் சான்று. தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். எண்ணிக்கையில் இந்தக் கெடுபிடி தெரிகிறது. 2016 இறுதியில் நாடு முழுக்க இருந்த சுமார் 33 லட்சத்து 70 ஆயிரம் லைசென்ஸ்களில் உத்தரப்பிரதேசத்தின் பங்கு 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம்.

உத்தரப்பிரதேசத்தவரின் உயிருக்கு மட்டும் அத்தனை மடங்கு ஆபத்து என்று யாரும் நம்ப மாட்டார்கள். அங்கே தோளில் தொங்கும் துப்பாக்கி கௌரவம், லைசென்ஸ் அந்தக் கௌரவத்துக்கான முத்திரை. கௌரவம் என்று ஆனபின் அதை வைத்துப் பேரம் பேசலாமே? பேசினார்கள். மத்தியப் பிரதேசத்தின் சிவபுரி மாவட்டத்தில் 2008-ல் ஆண்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டால் துப்பாக்கி லைசென்ஸில் முன்னுரிமை என்று நிர்வாகம் அறிவித்தது. ஆட்களும் வரிசையில் வந்தார்கள். 2019-ல் குவாலியரில், லைசென்ஸ் வேண்டுவோர் 10 மரக்கன்று நட்டு, அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். குடும்பக் கட்டுப்பாடும் நல்ல காரியம், மரம் நடுவதும் நல்ல காரியம். ஆனால் மரம் நட்டவன் கோபத்தில் சுட மாட்டான் என்று யார் சொன்னது? ஜம்மு காஷ்மீரில் வேலியே பயிரை மேய்ந்தது. 2012 முதல் 2016 வரை தகுதியற்றவர்களுக்கு 2 லட்சத்து 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் கொடுக்கப்பட்டதாக சி.பி.ஐ. சொன்னது. விசாரணைக்குள் வந்தவர்களில் மாவட்ட ஆட்சியர்களாக இருந்தவர்களும் உண்டு.

இன்னொரு பக்கம், காகிதமே இல்லாத துப்பாக்கிகள். ஜெனீவாவின் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே 2018-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியப் பொதுமக்களிடம் 7 கோடியே 11 லட்சம் துப்பாக்கிகள் இருக்கின்றன. அன்றைய சட்டத்தில் ஒருவர் மூன்று வரை வைத்திருக்கலாம். ஒவ்வொரு லைசென்ஸுக்கும் மூன்று என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஒரு கோடியைத்தான் தொடும். மிச்சம் முழுக்க லைசென்ஸ் பார்வைக்கு வெளியே. ஜவ்வாது மலை, கிருஷ்ணகிரி மலைக் கிராமங்களில், கள்ளத் துப்பாக்கியைத் தாங்களே கொண்டுவந்து ஒப்படைத்தால் வழக்கில்லை என்று போலீஸ் அவ்வப்போது அறிவிப்பதும், ஊர்ப் பொது இடத்தில் துருப்பிடித்த குழல்கள் குவிவதும் நமக்குப் பழக்கமான செய்திகள். அவற்றில் பல பன்றி விரட்டவும் முயல் பிடிக்கவும் வைத்திருந்தவை. 13-வது பிரிவு யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களில் பலர் கலெக்டர் அலுவலகப் படியேறாமலேயே குற்றவாளியானார்கள்.

2019-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியபோது, ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்பதை ஒன்றாகக் குறைக்க முதலில் முன்மொழிந்தது. தாத்தா காலத்துத் துப்பாக்கியை என்ன செய்வது என்று பரம்பரைக் குடும்பங்கள் கேட்டன, எதிர்ப்பு வலுத்தது. கடைசியில் இரண்டில் நின்றது. லைசென்ஸின் ஆயுள் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தானது. கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுடுவது தனிக் குற்றமானது. 2023-ல் உச்ச நீதிமன்றம் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளைப் பற்றித் தானாகவே விசாரணை தொடங்கியபோது, அமெரிக்காவைப்போல ஆயுதம் வைத்திருப்பது இங்கே அடிப்படை உரிமை அல்ல என்று மறுபடியும் சொன்னது.

அந்த உரிமை நமக்கு வேண்டியதில்லை என்றே நானும் நினைக்கிறேன். அம்பேத்கரின் பதில் இன்றும் செல்லும். ஆனால் அவர் மறுத்தது உரிமையைத்தான், அதிகாரியின் தயவை அவர் சாசனத்தில் எழுதிவைக்கவில்லை. துப்பாக்கியைப் பொறுத்தவரை ஓர் அரசு கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இவர் வீட்டில் அடிதடி உண்டா? குடித்தால் எப்படி? பெட்டிக்குப் பூட்டு உண்டா, சாவி யாரிடம்? ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை யாராவது போய்ப் பார்க்கிறார்களா? இதே கேள்விகள் எஸ்டேட் முதலாளிக்கும் மலைக்காட்டு விவசாயிக்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், மறுத்தால் பதிலும் எழுத்தில் வர வேண்டும். உரிமையா கட்டுப்பாடா என்று நாம் தொலைக்காட்சியில் அமெரிக்கச் சண்டையை வேடிக்கை பார்க்கிறோம். நம் ஊர்ச் சண்டை வேறு. விசுவாசிக்குக் கொடுக்கும் பரிசாக 1878-ல் அச்சான காகிதத்தை, ஆபத்தை அளக்கும் காகிதமாக இன்னும் நாம் மாற்றவில்லை. அது நடக்கும்வரை, நல்ல விதிகளை எத்தனை எழுதினாலும் அவை லிட்டன் போட்ட மேஜையின் மேல்தான் கையெழுத்தாகிக்கொண்டிருக்கும்.